வெளியே மழை, உள்ளே நாய்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அடைமழை, உறைபனி, கொளுத்தும் வெயில் என்று காரணங்கள் மாறினாலும் இம்மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை ஒன்றையே கேட்கின்றன: வெளியே போக முடியாத நாட்களில் நாயை எப்படிக் களைக்க வைப்பது? ஓடவிட்டால் களைத்துவிடும் என்ற நினைப்பில்தான் பலருடைய சிக்கலும் தொடங்குகிறது. முதல் கடிதத்திலேயே அது தெரிகிறது.

கே: எங்கள் லாப்ரடாருக்கு மூன்று வயது. சில நாட்களாக மழை விடவில்லை. காலை, மாலை நடைக்குப் பதிலாக வீட்டு நடைகூடத்தில் அரை மணி நேரம் பந்து எறிகிறேன். ஆனால் விளையாடி முடித்ததும் முன்பைவிட அதிகமாகக் குதிக்கிறான், சோபாவைக் கடிக்கிறான். இன்னும் அதிக நேரம் விளையாட வேண்டுமா?

ப: வேண்டாம், குறையுங்கள். பந்தைத் துரத்துவது நாய்க்கு வேட்டையின் ஒரு பகுதி. துரத்தத் துரத்த உடம்பில் பரபரப்பு ஏறுகிறது. பந்தை எடுத்து அலமாரியில் வைத்ததும் அது இறங்கிவிடாது. அரை மணி நேரம் முறுக்கேற்றிவிட்டு ‘போய்ப் படு’ என்றால் அவன் சோபாவிடம்தான் போவான்.

வெளியே நடக்கும்போது அவன் என்ன செய்கிறான் என்று யோசியுங்கள். பத்தடி நடப்பான், நிற்பான், மோப்பம் பிடிப்பான், மறுபடி நடப்பான். மனித மூக்கில் வாசனையை உணரும் ஏற்பிகள் சுமார் 50 முதல் 60 லட்சம். நாயின் மூக்கிலோ 10 கோடிக்கு மேல். நடை நின்றதால் கால்களைவிட மூக்குக்குத்தான் நஷ்டம் அதிகம். அதனால் முதல் வேலை மூக்குக்கு.

அன்றைய ஒரு வேளை உணவில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். வாசனை தூக்கலாக இருக்க, வேகவைத்த இறைச்சியைப் பட்டாணி அளவில் நறுக்கிக் கொஞ்சம் கலந்துகொள்ளலாம். உப்பும் மசாலாவும் கூடாது. நாயை உட்கார வைத்து, அவன் கண் முன்னாலேயே ஐந்து துண்டுகளைத் தரையில் ஒன்றுக்கொன்று இரண்டடி தள்ளி வைத்து ‘தேடு’ என்று சொல்லி விடுங்கள். மூன்று நான்கு முறை இப்படி. அடுத்து, அவன் பார்க்கும்போதே நாற்காலிக் கால்களுக்குப் பின்னால், கதவு மூலையில் வையுங்கள். அது சுலபமானதும் அவனை வேறு அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வையுங்கள். கடைசியாக உயரம்: நாற்காலி இருக்கை, படிக்கட்டின் முதல் படி, அவன் மூக்கு எட்டும் இடங்கள். இத்தனையையும் ஒரே நாளில் முடிக்கத் தேவையில்லை; ஒரு நாளைக்கு ஒரு படி போதும்.

இதில் வழக்கமாக மூன்று இடங்களில் கெடும். ஒன்று, ‘அங்கே பார், அங்கே பார்’ என்று நீங்கள் கை காட்டுவது. இரண்டு முறை காட்டினால் போதும், அதன்பின் அவன் மூக்கை விட்டுவிட்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சும்மா நில்லுங்கள். இரண்டு, மின்விசிறி. காற்று வாசனையை வேறு பக்கம் தள்ளிவிடும். புதிதாகப் பழகும் நாய் துண்டு இருக்கும் இடத்தை விட்டுவிட்டு எதிர்ச் சுவரைத் துழாவும். ஆரம்பத்தில் விசிறியை நிறுத்தி வையுங்கள். நன்றாகப் பழகிய பிறகு விளையாட்டைக் கடினமாக்க அதே விசிறியைப் போடலாம். மூன்று, அவசரம். நாய் தேடுவதை நிறுத்தி உட்கார்ந்து குரைத்தால், நீங்கள் ஒரு படி தாண்டிப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். முந்தைய படிக்கே திரும்புங்கள்.

பத்து, பதினைந்து நிமிடத் தேடல் போதும். பிறகு தண்ணீர், அதன்பின் நக்கவோ மெல்லவோ ஏதாவது கொடுங்கள். நக்குவதும் மெல்லுவதும் நாயைத் தணிக்கும். பந்தை அறவே நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் அது முதலில், ஐந்து நிமிடம் மட்டும். பந்து, தேடல், மெல்லல், தூக்கம் என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

கே: நாய்களுக்கான புதிர்ப் பொம்மைகள் வாங்கித்தான் ஆக வேண்டுமா? வீட்டில் இருப்பதை வைத்துச் செய்ய முடியாதா?

ப: பெரும்பாலும் முடியும். ஒரு பழைய குளியல் துண்டை நீளவாக்கில் விரித்து, உலர் உணவைப் பரவலாகத் தூவி, பாய் சுருட்டுவது போலத் தளர்வாகச் சுருட்டுங்கள். நாய் மூக்கால் தள்ளி அவிழ்க்கக் கற்றுக்கொண்டதும் சுருளை நடுவில் மடித்துக் கொடுங்கள். அதுவும் பழகினால் ஒரு முடிச்சு. சின்ன கேக்குகள் வேகவைக்கும் குழித்தட்டு இருந்தால் ஒவ்வொரு குழியிலும் இரண்டு துண்டு போட்டு மேலே பந்துகளால் மூடிவிடலாம். நாய் தட்டையே கவிழ்த்துவிட்டால் அதைத் தலைகீழாக வைத்து, குமிழ்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் உணவைப் போடுங்கள்.

அட்டைப்பெட்டிதான் எங்களுக்குப் பிடித்தது. ஆறேழு பெட்டிகளைப் பரப்பி, அவற்றில் இரண்டில் மட்டும் உணவு; மற்றவற்றில் கசக்கிய காகிதம். கிழிப்பதும் வேலைதான், கிழிக்க விடுங்கள். ஆனால் ஒட்டும் நாடாவையும் ஸ்டேப்ளர் பின்களையும் முன்பே எடுத்துவிட வேண்டும். கிழித்துத் துப்பும் நாய்க்குத்தான் இந்த விளையாட்டு. அட்டையை விழுங்கும் நாய்க்குக் குளியல் துண்டுச் சுருளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். துணியையும் விழுங்கும் பழக்கம் இருந்தால் அதுவும் வேண்டாம். காலி பிளாஸ்டிக் புட்டியை உருட்ட விடுவது பரவலாக இருக்கிறது, நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கடித்தால் கூரிய ஓரங்கள் வரும். மூடியும் அதன் அடியிலுள்ள வளையமும் விழுங்கும் அளவு.

காசு கொடுத்து வாங்கத் தகுந்த ஒரே பொருள், உணவு அடைக்கக் குழிவான ரப்பர் பொம்மை. வாங்கும்போது இரண்டு பக்கமும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே துளை உள்ள பொம்மைக்குள் நாக்கு உறிஞ்சப்பட்டு மாட்டிக்கொள்வது உண்டு. கடைவாய்ப் பற்களுக்குப் பின்னால் முழுதாக நுழையும் அளவு இருந்தால் அது சிறிது. கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். துளியும் பதியாத அளவு கடினமான எதையும் மெல்லக் கொடுக்காதீர்கள், பல் உடையும்.

அடைப்பதற்கும் ஒரு முறை உண்டு. சின்னத் துளையை ஒரு கேரட் துண்டால் அடைத்து, ஊறவைத்த உலர் உணவையும் மசித்த பூசணிக்காயையும் கலந்து முக்கால் பங்கு நிரப்பி, வாயருகே சில துண்டுகளை உதிரியாக விடுங்கள். முதல் இரண்டு மூன்று முறை உறைய வைக்காமல் கொடுக்க வேண்டும். முதல் முறையே ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் கல்லாகக் கொடுத்தால் நாய் இரண்டு நக்கு நக்கிவிட்டுப் போய்விடும், நீங்களும் ‘எங்கள் நாய்க்கு இது பிடிக்கவில்லை’ என்று முடிவு கட்டிவிடுவீர்கள். பழகிய பிறகு நாலைந்து மணி நேரம் உறைய வைத்துக் கொடுத்தால் நெடுநேரம் தாங்கும். நிலக்கடலை வெண்ணெய் சேர்ப்பதானால் லேபிளைப் படியுங்கள்: சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்திருந்தால் அது நாய்க்கு விஷம். திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், பூண்டு, சாக்லேட் இவையும் கூடாது.

கே: லேசர் விளக்கின் ஒளிப்புள்ளியைச் சுவரில் ஓடவிட்டால் எங்கள் நாய் ஒரு மணி நேரம் ஓடுகிறது. நல்ல உடற்பயிற்சிதானே?

ப: இன்றோடு நிறுத்திவிடுங்கள். பிடிக்கவே முடியாத இரையைத் துரத்தும் நாய், விளக்கு அணைந்த பிறகும் தேடலை நிறுத்துவதில்லை. கைக்கடிகாரத்தின் பிரதிபலிப்பு, சுவரில் விழும் நிழல் என்று எல்லாவற்றையும் துரத்தத் தொடங்கும் நாய்கள் உண்டு. அது முற்றினால் சிகிச்சை தேவைப்படும் கட்டாயப் பழக்கமாகிவிடும். ஏற்கெனவே நிழலை வெறித்துப் பார்க்கும் பழக்கம் வந்திருந்தால் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கே: மாடிப்படியில் பத்து முறை ஏற்றி இறக்குகிறோம். போதுமா?

ப: போதுமா என்பதைவிடப் பொருந்துமா என்று கேட்க வேண்டும். இறங்கும்போது உடல் எடை முன்னங்கால்களிலும் தோள்களிலும் விழுகிறது. வளரும் குட்டி, டாக்ஸ்ஹண்ட் போன்ற நீள முதுகு இனங்கள், இடுப்பு மூட்டுக் கோளாறு உள்ளவை, முதிய நாய்கள் ஆகியவற்றுக்குப் படிப் பயிற்சி வேண்டாம். நல்ல உடல்வாகுள்ள நாயானாலும் லீஷில் பிடித்து நடத்தித்தான் ஏற்றி இறக்க வேண்டும். படிமேல் பந்து எறிவது யாருக்கும் ஆகாது.

படியைவிட ஆபத்து வழவழப்பான தரை. டைல்ஸில் ஓடி, சட்டென்று திரும்பும்போது பின்னங்கால் வழுக்கினால் முழங்கால் தசைநார் கிழியலாம். பல நாய்களுக்கு அறுவை சிகிச்சை வரை போகும். விளையாடும் இடத்தில் அடியில் ரப்பர் ஒட்டிய விரிப்பு போடுங்கள். நடக்கும்போது தரையில் ‘டக் டக்’ என்று சத்தம் கேட்டால் நகம் வெட்ட வேண்டிய நேரம். பாதத் திண்டுகளுக்கு நடுவே வளர்ந்த முடியையும் கத்தரித்துவிடுங்கள்.

கால்களுக்கு வேலை கொடுக்க மெதுவான வழி ஒன்று இருக்கிறது. நாலைந்து துடைப்பக் கட்டைகளை, இடைவெளி நாயின் தோள் உயரம் இருக்கும்படி வரிசையாக, கணுக்கால் உயரத்தில் புத்தகங்களின் மேல் சும்மா வையுங்கள். கட்டிவிடக் கூடாது, கால் பட்டால் உருண்டு விழ வேண்டும். லீஷில் பிடித்து, நடை வேகத்தில் தாண்டி நடத்துங்கள். குதித்துத் தாண்டினால் வேகம் அதிகம் அல்லது கட்டை உயரம். ஐந்து நிமிடம் இப்படி நடப்பது ஒவ்வொரு காலையும் எங்கே வைப்பது என்று யோசிக்க வைக்கும், குறிப்பாகப் பின்னங்கால்களை. நாய் தானாகப் பின்னோக்கி நடக்கக் கற்றுக்கொடுப்பதும் இதே வகை. சோபாவுக்கும் சுவருக்கும் இடையிலான ஒடுங்கிய சந்தில் நாயை முன்னே வரவழைத்து, நீங்கள் அதை நோக்கி அரை அடி எடுத்து வையுங்கள். ஒரு கால் பின்னே போனதும் பரிசு.

நடைப்பயிற்சி எந்திரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும்: நாயை எந்திரத்தில் கட்டாதீர்கள், ஒரு நொடியும் தனியே விடாதீர்கள்.

கே: கயிறு இழுக்கும் விளையாட்டு நாயை முரடாக்கும் என்கிறார்களே?

ப: விதிகளோடு விளையாடினால் ஆக்காது. நாய் ஜெயித்தால் தலைக்கனம் ஏறும் என்பதும் வெறும் நம்பிக்கைதான். தாராளமாக ஜெயிக்க விடுங்கள். விதிகள் இவை: நீங்கள் ‘எடு’ என்ற பிறகுதான் கவ்வ வேண்டும், ‘விடு’ என்றதும் விட வேண்டும், பல் கையில் பட்டால் ஆட்டம் ஒரு நிமிடம் நின்றுவிடும். ‘விடு’ பழக்க, இழுப்பதை நிறுத்திக் கயிற்றை உங்கள் தொடையோடு அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். உயிரில்லாத கயிறு நாய்க்குச் சலித்துவிடும். வாயைத் திறந்த நொடியே ‘எடு’ என்று மறுபடி ஆட்டம். விட்டால் விளையாட்டு தொடரும் என்று அதற்குப் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கயிற்றைப் பக்கவாட்டில் ஆட்டலாம். மேலும் கீழுமாக உதறக் கூடாது, கழுத்துக்குக் கேடு. பல் மாறும் வயதில் உள்ள குட்டியிடம் பலமாக இழுக்காதீர்கள்.

கே: நான்கு மாதக் குட்டி. வெளியே விட முடியாத நாட்களில் மாலையானால் பைத்தியம் பிடித்தது போல ஓடி, கணுக்காலைக் கடிக்கிறது. இன்னும் என்ன விளையாட்டு கொடுப்பது?

ப: தூக்கம் கொடுங்கள். இந்த வயதில் நாளின் பெரும்பகுதி தூங்க வேண்டும். எல்லோரும் வீட்டிலேயே இருக்கும் மழை நாளில் ஆளாளுக்கு எழுப்பிக் கொஞ்சுவதில் அது தூங்குவதே இல்லை. ஒரு மணி நேரம் விழித்திருந்தால் அடுத்து ஓர் இருட்டான மூலையில் படுக்கை, மெல்ல ஒரு பொம்மை. பயிற்சி ஒரு தடவைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம், நாளில் நாலைந்து தடவை. அதற்கு மேல் அந்தத் தலை தாங்காது.

கே: எங்கள் பார்டர் காலி எந்தப் புதிரையும் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறாள். வேறு என்ன செய்வது?

ப: பொம்மைகளின் பெயர்களைக் கற்றுக்கொடுங்கள். அமெரிக்காவில் ஜான் பில்லி என்ற உளவியலாளர் வளர்த்த சேஸர் என்ற பார்டர் காலி 1,022 பொம்மைகளைப் பெயர் சொன்னால் எடுத்துவந்தது. அந்த ஆய்வு 2011-ல் அச்சில் வந்தது. உங்களுக்குப் பத்து போதும், ஒரு மழைக்காலம் ஓடிவிடும்.

முதலில் ஒரே ஒரு பொம்மை. பெயரைச் சொல்லிக்கொண்டே அதை வைத்து விளையாடுங்கள். பிறகு தரையில் வைத்து, பெயர் சொல்லிக் கொண்டுவரச் செய்யுங்கள். அடுத்து, பெயர் வைக்காத, அவள் அதிகம் விரும்பாத ஒரு பொருளை இரண்டடி தள்ளி வைத்து அதே பெயரைச் சொல்லுங்கள். பத்தில் எட்டு முறை சரியாக எடுத்தால் இரண்டாவது பொம்மையை, முதலாவது கண்ணில் படாதபடி, இதே மாதிரி தனியாகப் பழக்குங்கள். இரண்டையும் பக்கத்தில் வைப்பது அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்றுங்கள். இல்லாவிட்டால் பெயரைக் கற்காமல் ‘இடது பக்கம்’ என்று கற்றுக்கொள்வாள். சொல்லும்போது சுவரைப் பாருங்கள். உங்கள் கண் போகும் திசையைப் படிப்பதில் இந்த இனம் கெட்டிக்காரி. தவறாக எடுத்தால் திட்டாதீர்கள், பரிசும் வேண்டாம், திரும்ப வைத்துவிட்டு மறுபடி சொல்லுங்கள்.

கே: இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய் நடுங்குகிறது. விளையாட்டு காட்டி மாற்றலாமா?

ப: உணவை வாங்கிச் சாப்பிடும் நிலையில் இருந்தால் மாற்றலாம்: ஒவ்வொரு இடிக்கும் உடனே ஒரு நல்ல துண்டு. வாங்க மறுத்தால் பயம் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது, விளையாட்டை விட்டுவிடுங்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்காதீர்கள். அது தேர்ந்தெடுத்த இடம் சரியான இடம்தான். திரைச்சீலையை மூடி, விசிறியையோ இசையையோ போட்டு, வாசல் கதவைத் தாழிட்டு வையுங்கள்; இடிக்கு மிரண்டு ஓடித் தொலையும் நாய்கள் நிறைய. உங்களிடம் ஒண்டிவந்தால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள். ஆறுதல் சொன்னால் பயம் வளரும் என்பது தவறு. ஒவ்வொரு மழைக்கும் இப்படியே என்றால், இடி தொடங்கும் முன் கொடுக்கும் மருந்துகள் இருக்கின்றன. கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். மனிதர்களின் தூக்க மாத்திரையை ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

கே: மழையில் வெளியே அழைத்துப் போனால் சிறுநீர் கழிக்காமல் திரும்பி வருகிறது. வீட்டுக்குள் வந்ததும் போய்விடுகிறது.

ப: நனைந்த புல் பிடிக்காத நாய்கள் நிறைய. கூரை நீட்டிக்கொண்டிருக்கும் சுவரோரம், வண்டி நிறுத்துமிடம் என்று தலை நனையாத ஓரிடத்தை ஒதுக்கி, தினமும் அங்கேயே, லீஷில், ஒரே சொல்லைச் சொல்லி நில்லுங்கள். முடிந்ததும் அந்த இடத்திலேயே பரிசு. வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால் உள்ளே ஓடிவந்ததற்குத்தான் பரிசு என்று நினைத்துக்கொள்ளும். குடையை விரித்துப் பழக்குவதை வெயில் நாளில் தொடங்குங்கள், மழையில் அல்ல. காலைத் தூக்கி முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அது பிடிவாதமல்ல, அவசரம், அன்றே மருத்துவரிடம்.

திரும்பி வந்ததும் விரல் இடுக்கு, வயிறு, காதின் உட்புறம் மூன்றையும் துவட்டுங்கள். விரல் இடுக்கில் ஈரம் நின்றால் பூஞ்சை வந்து பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கும். தேங்கிய நீரைக் குடிக்கவோ அதில் நடக்கவோ விடாதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீர் வழியாக அந்த நீரில் கலந்து, தோலிலுள்ள சிறு கீறல் வழியாகவும் உள்ளே போகும். நாயிடமிருந்து மனிதருக்கும் வரும். ஆண்டுக்கொரு தடுப்பூசி உண்டு.

கே: எங்கள் ஊரில் மழையல்ல, வெயில்தான் பிரச்சினை. பக் இன நாயை எப்போது வெளியே விடலாம்?

ப: விடியலில், அதுவும் குறைந்த நேரம். உங்கள் புறங்கையைத் தரையில் ஏழு நொடி வைத்திருக்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. நாய் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. குட்டை மூக்கு இனங்களுக்கு அந்த வழியே குறுகலானது. காற்றில் ஈரப்பதம் கூடினால் வீட்டுக்குள்ளேயே விளையாட்டில் தடுமாறும். இரைப்பில் கரகரப்பு, அடர்சிவப்பு ஈறு, தள்ளாட்டம் தெரிந்தால் விளையாட்டை நிறுத்தி, உடம்பு முழுக்கக் குளிர்ந்த நீர் ஊற்றி, விசிறிக் காற்றில் வைத்து, குளிர்வித்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஈரத் துண்டால் போர்த்திவிடாதீர்கள். சூடு உள்ளேயே நின்றுவிடும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 40-ஐத் தாண்டினால் காத்திருக்காதீர்கள்.

கே: இரண்டு நாய்கள். ஒரே தேடல் விளையாட்டில் இரண்டையும் விடலாமா?

ப: உணவு இருக்கும் விளையாட்டு எதுவும் தனித்தனி அறையில்தான், கதவு சாத்தி. சாதாரண நாளில் சண்டை போடாதவை வெளியே போகாத நாட்களில் உறுமும். ஒன்று தேடும்போது மற்றது உறைந்த ரப்பர் பொம்மையோடு இருக்கட்டும், பிறகு மாற்றுங்கள். மீந்த துண்டுகளைப் பொறுக்கிவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும்.

கே: இத்தனை பரிசுத் துண்டும் கொடுத்தால் எடை ஏறாதா?

ப: ஏறும், கணக்கில்லாமல் கொடுத்தால். காலையிலேயே அன்றைய மொத்த உணவையும் தராசில் நிறுத்து ஒரு டப்பாவில் போடுங்கள். பயிற்சி, தேடல், ரப்பர் பொம்மை, சாப்பாட்டுத் தட்டு எல்லாமே அந்த டப்பாவிலிருந்துதான். இறைச்சி போன்ற கூடுதல் துண்டுகள் அன்றைய கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. சேர்த்த அளவுக்கு டப்பாவில் குறைத்துவிடுங்கள். நடையில்லாத நாட்கள் ஒரு வாரத்தைத் தாண்டினால் மொத்த அளவிலும் பத்தில் ஒரு பங்கு குறைக்கலாம். வளரும் குட்டிக்கு மட்டும் மருத்துவரைக் கேட்காமல் குறைக்காதீர்கள். விலா எலும்பின் மேல் விரல்களை லேசாக ஓட்டிப் பாருங்கள்: அழுத்தாமலே எலும்பு தட்டுப்பட்டால் சரியான எடை, அழுத்தித் தேட வேண்டியிருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். ஆழ்ந்த மார்புள்ள பெரிய இனங்களுக்கு, வயிறு நிறையச் சாப்பிட்ட பின் ஒரு மணி நேரம் ஓட்டமோ இழுப்போ வேண்டாம். இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயம் அவற்றுக்கு அதிகம்.